அந்தச் சத்தம் வராத பெட்டி

கரட்டூரில் வாய்க்கு வேலை கம்மி, கைக்குத்தான் வேலை ஜாஸ்தி. வீட்டுக்கு வீடு பின்கட்டில் ஓடுகிற விசைத்தறிகள் பொழுது விடிந்ததிலிருந்து அடைகிற வரைக்கும், அடைந்த பிறகும் போடுகிற சத்தத்தில், ஒருத்தர் சொல்வது இன்னொருத்தர் காதில் விழுவது என்கிற வழக்கத்தையே ஊர் எப்போதோ கைவிட்டிருந்தது. சோறு தின்ன வா என்றால் ஐந்து விரலையும் குவித்து வாய்ப்பக்கம் கொண்டுபோவார்கள், நூல் அறுந்துபோச்சு என்றால் இரண்டு விரலைக் கத்தரியாக்கிக் காட்டுவார்கள், மாமனார் வருகிறார் என்றால் இல்லாத மீசையை முறுக்குவார்கள், பெண் கேட்டுப் போய்க் கையாலேயே சம்பந்தம் பேசி முடித்துவிட்டுச் சாப்பிட்டுத் திரும்பிய குடும்பங்கள்கூட உண்டு. வெளியூரிலிருந்து வாக்கப்பட்டு வருகிற பெண்கள் முதல் மாசம் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக் கிடப்பார்கள், அடுத்த மாசம் கையால் பேசக் கற்றுக்கொள்வார்கள், அதற்கப்புறம் வாயால் சொல்வதைச் சும்மா சொல்லி வைப்பார்கள், சாமிக்கு முன்னால் பூ வைப்பது மாதிரி. சொன்னதெல்லாம் எங்கே போய்ச் சேர்கிறது என்று யாரும் விசாரித்ததில்லை. சுகுணாவின் வீட்டுக்காரன் பூபதி அந்தப் பெட்டியைக் கொண்டுவருகிற வரைக்கும்.

பூபதிக்குச் சொந்தத் தறிப்பட்டறை. பகலெல்லாம் அந்த இரைச்சலுக்குள் நின்றவனுக்கு ஊசி விழுந்தாலும் கேட்கிற மாதிரி ஒரு இடம் வேண்டும் என்று ஆசை வந்தது. ஆசை வந்தால் பூபதி விடமாட்டான். வீட்டின் முன்னறையில் நாலு சுவருக்கும் மரச்சட்டம் அடித்து, பட்டறையில் மிஞ்சுகிற வேஸ்ட் பஞ்சை மூட்டை மூட்டையாகத் திணித்து, மேலே காடாத்துணியை இழுத்துத் தைத்து, இரண்டு கதவை ஒரு கதவாக்கி மாட்டினான். அந்தக் கதவைச் சாத்தினால் ஊரிலுள்ள தறியெல்லாம் செத்துப்போகும், உன் நெஞ்சு அடிப்பது உனக்கே கேட்கும். வெளியே நின்று அடுப்பு தீப்பிடித்துக்கொண்டது என்று கத்தினாலும் உள்ளே கேட்காது. அதைச் சுகுணா ஒருதடவை தோசைக்கல் விஷயத்தில் சோதித்தே பார்த்திருக்கிறாள்.

அறைக்குள் ஆளுயர ஸ்பீக்கர் இரண்டு வந்தன, மாப்பிள்ளைத்தோழன் மாதிரி ஆளுக்கொரு பக்கம் நின்றன. ஓசையைப் பெருக்குகிற ஆம்ப் வந்தது. கட்டைவிரல் தடிமனுக்கு ஒயர் வந்தது. பிறகு ஒருநாள் இன்னும் ஒன்று பாக்கி இருப்பதாகப் பூபதி சொன்னான்.

"டி.ஏ.சி.ன்னு ஒரு பெட்டி. இப்பெல்லாம் பாட்டு கேசட்லயா இருக்குது? வெறும் எண்ணாத்தான் கெடக்குது, ஒண்ணும் சைபருமா. அந்த எண்ணைத் திரும்ப ஓசையா மாத்தறது இந்தப் பெட்டிதான். இது சரியில்லீன்னா மத்தது எத்தனை இருந்தும் தண்டம்."

"பாலைப் பவுடராக்கி, மறுபடி தண்ணி ஊத்திப் பாலாக்கறாப்பலங்களா?"

பூபதிக்கு ஒரே சிரிப்பு. "அட, அதேதான்! எந்தத் தண்ணிய ஊத்தறோங்கறதுலதான் சூட்சுமமே இருக்குது." அவள் சொன்னதை அவன் காதில் வாங்கிக்கொண்டது அதுதான் கடைசி.

கோயமுத்தூர்க் கடைக்காரர் ஜெபராஜ் நல்ல மனுஷர். இந்த மாதிரிச் சாமானையெல்லாம் கடையில் நின்று கேட்டுத் தேறக்கூடாது, வீட்டில் வைத்து, தன் அறையில், தன் காதால் கேட்டுத்தான் தேறவேண்டும் என்பது அவர் கட்சி. ஆகவே ஒவ்வொரு பெட்டியாகக் கொண்டுவந்து வைப்பார், பிடிக்காவிட்டால் எடுத்துக்கொண்டு போவார், இன்னொன்று கொண்டுவருவார். மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி, என்று சுகுணா நினைத்துக்கொண்டாள். நம்மையெல்லாம் ஒரே ஒரு காப்பித் தட்டோடு முடித்துவிட்டார்கள்.

முதலில் வந்தது கறுப்புப் பெட்டி, செங்கல் அளவு. பூபதி பழைய பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். பல்லவி முடிந்தது, வயலின்கள் எழுந்து அடங்கின, சரணம் தொடங்குவதற்கு முன்னால் ஒரு மூச்சு இடைவெளி வந்தது, அந்த இடைவெளியில் ஒரு பொம்பளைக் குரல், "ஏனுங்க, காப்பி ஆறுதுங்க" என்றது.

காப்பித் தம்ளரோடு நின்ற சுகுணா வாயைத் திறக்கவில்லை. ஆனால் குரல் அவளுடையதுதான். அடுத்த இடைவெளியில், "ஏனுங்க, கேஸ் தீர்ந்துபோச்சுங்க" என்றது. அதற்கடுத்து, "எங்கம்மாளுக்கு மேலுக்குச் சொகமில்லீங்களாமா, ஒரு எட்டுப் பார்த்துட்டு வந்துரட்டுங்களா" என்றது. அது போன ஐப்பசியில் சொன்னது. அம்மாள் அப்புறம் தானாகவே எழுந்து நடமாடிவிட்டாள். சுகுணாவுக்குப் பயமும் வரவில்லை, ஆச்சரியமும் வரவில்லை. தொலைந்துபோன எவர்சில்வர் கரண்டி பரண்மேல் கிடைத்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. ஓ, இங்கேதான் கிடக்கிறீர்களா எல்லாரும்.

பூபதி கண்ணைத் திறந்து ஒயரை ஆட்டிப் பார்த்தான்.

*

விஷயம் வீதிக்குத் தெரிவதற்கு அடுத்த வீட்டுச் சரோஜாக்கா ஒருத்தி போதும். சரோஜாக்கா தறிக்குத் தார் சுற்றுகிறவள், உட்கார்ந்த இடத்தில் நாள் முழுக்க நூல் சுற்றுவதால் கைக்கு ஓய்வில்லை, ஆகவே கையால் பேச முடியாது, வாயால்தான் பேசியாக வேண்டும், அதை யாரும் கேட்டதும் இல்லை. அவள் பேச்சு அந்தப் பெட்டிக்குள் ஏராளமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தறி நிற்கும். அந்த நேரத்துக்குப் பூபதி வீட்டு வாசலில் செருப்புக் குவியும். இத்தனை பேர் தன் அறையைத் தேடி வருவதில் பூபதிக்கும் உள்ளுக்குள் பெருமைதான். சரியாக நடுவில் உட்காரவேண்டும், சுவரில் சாயக்கூடாது, பாட்டின்போது பேசக்கூடாது என்று சட்டம் போட்டான். யார் பாட்டைக் கேட்டார்கள்? எல்லாரும் பாட்டுக்கு நடுவிலுள்ள இடைவெளிக்குக் காத்திருந்தார்கள். ஒரு இடைவெளியில் மேல்வீட்டு மருமகள், "எனக்கு இந்தச் சேலை வேண்டாமுங்க அத்தை" என்பாள். இன்னொன்றில் யாரோ ஒரு தறிக்காரர் தன் மகனிடம், "பாத்துப் போ சாமி" என்பார். சாக்கடை அடைத்துக்கொண்டதென்று கவுன்சிலரிடம் வீதியே சேர்ந்து சொன்னது, ஒரு முழுப் பாட்டின் இடைவெளிகளை அடைத்துக்கொண்டது. ஏன் வருகிறது, எப்படி வருகிறது என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. யார் வீட்டுப் பேச்சு என்பதுதான் அவர்களுக்குப் பேச்சு.

ஒரு விஷயத்தைப் பெண்கள் சீக்கிரமே பிடித்துவிட்டார்கள். யாரிடம் சொன்னதோ அந்த ஆள் வந்து உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்டுவிட்டால், அந்தப் பேச்சு திரும்ப வராது. கவுன்சிலரைக் கையோடு இழுத்துவந்து உட்காரவைத்தார்கள், கேட்டார், சாக்கடை பேச்சு நின்றது, சனிக்கிழமைக்குள் சாக்கடையும் ஓடியது. மேல்வீட்டு மாமியாரை உட்காரவைத்தார்கள், சேலைப் பேச்சு நின்றது. அதிலிருந்து புருஷனை, கொழுந்தனை, பேசாமல் போன தங்கச்சியை என்று ஆள்பிடித்து வருவது வீதியில் ஒரு வேலையாகவே ஆயிற்று, வாசலில் ஒருத்தி முறுக்குக் கூடையோடு உட்கார்ந்துகொண்டாள்.

சரோஜாக்காவின் தம்பி திருப்பூரில் இருந்தான். "வந்து ஒரு வாய் காப்பித்தண்ணி குடிச்சுப்போட்டுப் போடா மணியா" என்று அவள் சொன்னது வாராவாரம் வந்துகொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. பெண்களெல்லாம் அவளைக் கட்டிக்கொண்டார்கள்.

"தம்பி வந்துட்டானாக்கா? எப்ப வந்தான்? சொல்லவே இல்லியே!"

சரோஜாக்கா முந்தானையை உதறினாள். "அவன் எங்க வாரான். எனக்குத்தான் அவன் வந்தாலும் ஒண்ணுதான், வராட்டியும் ஒண்ணுதான்னு ஆயிப்போச்சு அம்மணி. சொன்னவ விட்டுட்டாலும் நின்னுபோகுமாட்ட இருக்குது."

இதையும் வீதி கேட்டு வைத்துக்கொண்டது.

*

ஆனால் எந்தப் பாட்டைப் போட்டாலும், யார் வீட்டுப் பேச்சு வந்தாலும், எல்லாவற்றுக்கும் நடுநடுவே ஒன்று தவறாமல் வந்தது. சுகுணாவின் குரல்தான்.

"ஏனுங்க, புள்ளைக்குக் காது கேக்கலீங்க. ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போலாமுங்க."

பிள்ளை என்றால் மகிழினி. கருப்பட்டிக் கண், முன்பல் இரண்டுக்கும் நடுவே சந்து, எந்நேரமும் எதையாவது எதற்குள்ளாவது போட்டு எடுத்துக்கொண்டிருக்கிற குழந்தை. முதல் பிறந்தநாளுக்கு மொட்டை போட்டுவிட்டுத் திரும்புகிற வழியில், பின்னால் வந்த லாரி காது கிழிய ஹாரன் அடித்தபோது தூளிபோல் தோளில் கிடந்த பிள்ளை இமைகூட அசைக்கவில்லை. சுகுணா பிள்ளையின் காதருகே இரண்டுதரம் கைதட்டிப் பார்த்தாள். தடுப்பூசி போடுகிற நர்ஸிடம் கேட்டாள். சீக்கிரம் காட்டிவிடுங்கள், இதில் நாள் தள்ளத் தள்ளப் பேச்சும் தள்ளிப்போகும் என்று நர்ஸ் சொன்னாள். வீட்டுக்கு வந்து சுகுணா பூபதியிடம் சொன்னாள். அன்றைக்கும் சொன்னாள், அடுத்த நாளும் சொன்னாள்.

வேறெந்த ஊராக இருந்தாலும் இது ஆறு மாசத்தில் தெரிந்திருக்கும். கரட்டூரில் தெரியவில்லை. ஏனென்றால் கரட்டூரில் பிள்ளையை யாரும் வாயால் கூப்பிடுவதில்லை. பூபதி பட்டறை வாசலில் நின்று கையை ஆட்டுவான், மகிழினி ஓடிவருவாள். விரலைக் குவிப்பான், சாப்பிட உட்காருவாள். ஆட்காட்டி விரலை ஆட்டுவான், செய்கிற சேட்டையை விட்டுவிடுவாள். தறி ஓட்டுகிறவர்களெல்லாம், "பூபதி மகளாட்டம் சொன்ன பேச்சு கேக்கற புள்ள இந்த வீதியிலயே இல்ல" என்பார்கள்.

"கூப்புட்டா வருது, சொன்னாச் செய்யுது. இதுக்கு மேல என்ன காது?" என்பான் பூபதி. "பேச்சு கொஞ்சம் பின்னால வரும். நானே மூணு வயசுலதான் பேசுனனாமா. என்ற வீட்டுப் புள்ளைக்கு நீயே செவிடுன்னு பேரு வைக்காத."

பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போகச் சுகுணாவுக்குத் தெரியாமல் இல்லை. கோயமுத்தூருக்குப் போகிற பஸ் வீதிமுனையில்தான் நிற்கிறது. ஆனாலும் பிள்ளை இரண்டு பேருக்கும்தானே, அவன் வாயால் ஒருதடவை 'சரி, போலாம்' என்று வந்துவிட்டால் போதும் என்று அவள் காத்திருந்தாள். தான் நினைப்பது தப்பாக இருந்துவிட்டால் எத்தனை நன்றாக இருக்கும் என்று காத்திருந்ததும் அதில் பாதி.

பெட்டி அதைச் சொல்ல ஆரம்பித்தபோது அவளுக்கு உள்ளபடியே சந்தோஷம். நான் சொல்லிக் கேட்காதவன், ஆளுயர ஸ்பீக்கர் இரண்டு சேர்ந்து சொன்னால் கேட்காமலா போய்விடுவான். பெண்களும் முதல்வாரம் உச்சுக் கொட்டினார்கள். "தம்பி, அம்மணி என்னமோ சொல்லுது பாருங்க" என்று சரோஜாக்கா பூபதியைப் பார்த்து நேராகவே சொன்னாள்.

பூபதி தலையைச் சாய்த்துக் கேட்டான். நன்றாகத்தான் கேட்டான். "சுகுணா," என்றான், "உன்ற குரல் எத்தனை நேச்சுரலா இருக்குது பாத்தியா. சரியா நடுமையத்துல நிக்குது. ஆனா இது பாட்டுல இல்லாதது. பாட்டுல இல்லாதது வந்தா அது கோளாறு."

ஜெபராஜுக்குப் போன் போட்டான்.

அடுத்தடுத்த வாரம் வீதிக்கும் அது பழகிவிட்டது. சினிமாவுக்கு நடுவில் வருகிற விளம்பரம் மாதிரி, 'புள்ளைக்குக் காது கேக்கலீங்க' வருகிற நேரத்தில் முறுக்கைக் கடித்துக்கொண்டார்கள், கால் மாற்றி உட்கார்ந்தார்கள், பக்கத்தில் இருப்பவளிடம் பின்னல்பூ எங்கே வாங்கியது என்று கேட்டுக்கொண்டார்கள், அது முடிந்ததும் தங்கள் வீட்டுப் பேச்சுக்காக மறுபடி காதைத் தீட்டினார்கள்.

*

இரண்டாவதாக வந்தது வெள்ளிநிறப் பெட்டி. உள்ளே சில்லு இல்லை, ரெசிஸ்டர்களை ஏணிப்படி மாதிரி கையால் அடுக்கியிருக்கிறது, குரல் உடம்போடு வரும், சார், ஆள் எதிரே உட்கார்ந்த மாதிரி, என்றார் ஜெபராஜ். பூபதி போட்டான். மகிழினி தரையில் உட்கார்ந்து பாசிமணிகளைத் தம்ளருக்குள் போட்டுக்கொண்டிருந்தாள்.

இடைவெளி வந்தது. "மகிக்கண்ணு" என்றது சுகுணாவின் குரல். "இங்க பாரு சாமி."

மகிழினி திரும்பினாள்.

சுகுணாவின் கையிலிருந்து துணிக்கூடை விழுந்தது. பிள்ளை தாயைப் பார்க்கவில்லை, ஸ்பீக்கரைப் பார்த்தது, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, கண் இரண்டும் விளக்குப் போட்ட மாதிரி. "தங்கமயிலு, யாரு வந்துருக்கறா பாரு" என்றது பெட்டி. பிள்ளை சிரித்தது. பிள்ளையிடம் சொல்லிப் பிள்ளைக்குக் கேட்காமல் போனதெல்லாமும் அங்கேதான் போய்ச் சேர்ந்திருக்கிறது என்பது சுகுணாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"பாத்தியா!" பூபதி எழுந்து குதித்தான். "பாத்தியா புள்ள! கேக்குது! நான் அப்பவே சொல்லுலியா? நல்ல பெட்டியில போட்டா எல்லார்த்துக்கும் கேக்கும்!"

வீதியே கூடிவிட்டது. சர்க்கரை கொடுத்தார்கள். மாரியம்மன் கோயில் பூசாரி தன் திருநீறு வேலை செய்தது என்றார், சித்தவைத்தியர் தன் வசம்பு வேலை செய்தது என்றார், பூபதி பெட்டியைத் தட்டிக்கொடுத்தான். பெற்றவளுக்கும் ஆசை இருக்கும் அல்லவா, சுகுணாவும் அந்தக் கூட்டத்தில் நின்று சிரித்தாள், சர்க்கரையை வாங்கிப் பிள்ளையின் நாக்கில் வைத்தாள். எல்லாரும் கலைந்துபோன பிறகு பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, எவர்சில்வர் தட்டை ஓங்கித் தரையில் போட்டாள். சரோஜாக்கா வீட்டு நாய் குரைத்தது. பிள்ளை பாசிமணியைத் தம்ளருக்குள் போட்டுக்கொண்டிருந்தது.

ஒருதடவை கேட்டது திரும்ப வராது. அது எல்லாருக்கும் உள்ள சட்டம்தான், பிள்ளைக்கென்று தனிச்சட்டம் இல்லை. அன்றாடம் பூபதி பாட்டுப் போட்டான், அன்றாடம் பிள்ளை ஸ்பீக்கருக்கு முன்னால் உட்கார்ந்து தன் அம்மா கூப்பிடுவதைக் கேட்டது, கேட்கக் கேட்க அந்த அழைப்புகள் ஒவ்வொன்றாகத் தீர்ந்துகொண்டு வந்தன, கடைசியிலிருந்து முதலை நோக்கி. போன மாசம் கூப்பிட்டது தீர்ந்தது, நடைபழகும்போது கூப்பிட்டது தீர்ந்தது, தவழ்ந்தபோது, குப்புற விழுந்தபோது, தூளியில் போட்டு ஆட்டியபோது பாடியது எல்லாம் தீர்ந்தது. சுகுணா வேலையெல்லாம் போட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். தான் இத்தனை பேசியிருக்கிறோமா என்று இருந்தது. ஒரு மத்தியானம், மருந்து வாசனை வருகிற மாதிரி இருந்த ஒரு இடைவெளியில், களைத்துப்போன ஒரு குரல், "வந்துட்டியா என்ற சாமி" என்றது. அது பெற்றுப்போட்ட அன்றைக்குச் சொன்னது. அதற்கு முன்னால் எதுவும் இல்லை.

மகிழினி அடுத்ததற்காகக் காத்திருந்தாள். பாட்டு முடிந்தது, இன்னொன்று முடிந்தது. பிள்ளை எழுந்துபோய் ஸ்பீக்கரின் வயிற்றில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தது. பிறகு இரண்டடி பின்னால் வந்து, கையை நீட்டி விரல்களை மடக்கி, தறிக்காரர்கள் ஒருவரையொருவர் கூப்பிடுகிற மாதிரி ஸ்பீக்கரைக் கூப்பிட்டது. வா. வா.

ஸ்பீக்கர், "ஏனுங்க, புள்ளைக்குக் காது கேக்கலீங்க" என்றது. அது பிள்ளையிடம் சொன்னதல்ல. பிள்ளைக்குக் கேட்கவில்லை.

"இதுலயும் அந்தக் கோளாறு இருக்குது" என்று பூபதி ஏணிப்பெட்டியைக் கழற்றினான்.

*

அதற்கப்புறம் பெட்டிகள் வந்தன, போயின. ஒன்று பாட்டைத் தேன் மாதிரி ஆக்கியது, ஒன்று கச்சேரி மேடையே அகலமானாற்போல் காட்டியது, ஒன்றில் பாடகரின் உதடு பிரிகிற ஓசைகூடக் கேட்டது. எல்லாவற்றிலும் சுகுணா இருந்தாள். பூபதிக்கு இப்போது பாட்டில் நாட்டமே இல்லை. பாட்டைப் போட்டுவிட்டு இடைவெளிக்கு முன்னால் மூச்சைப் பிடித்துக்கொள்வான், குரல் வந்ததும் தொடையில் அடித்துக்கொள்வான். எர்த் ஒயரை மாற்றினான். கரண்டைச் சுத்தம் பண்ணுகிற கருவி ஒன்று வைத்தான். இன்னும் பஞ்சு திணித்தான்.

ஜெபராஜ் ஒருதடவை காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். "சார், தப்பா நெனைக்காதீங்க. பெட்டில குறை இல்ல. வீட்டம்மா சொல்ற விஷயத்தை ஒரு தடவை நீங்க..."

"அதுதானுங்க நானும் சொல்றேன். அவ சொல்றது எதுக்குப் பாட்டுக்குள்ள வருது?"

ஜெபராஜ் காப்பியைக் குடித்துவிட்டு, அடுத்த வாரம் கண்ணாடி வால்வு வைத்த ஒன்று கொண்டுவருவதாகச் சொல்லிப் போனார். வாடிக்கைக்காரரிடம் அதற்குமேல் என்ன சொல்வார்.

வால்வுப்பெட்டிக்கு மேலே நாலு கண்ணாடிக்குமிழ் அகல்விளக்கு மாதிரி எரிந்தது. இருந்ததிலேயே உசத்தி அதுதான். அதில் குரல் வந்தபோது வார்த்தை மட்டும் வரவில்லை, வளையல் குலுங்குவது வந்தது, சொல்வதற்கு முன்னால் எச்சில் விழுங்குவது வந்தது, சொல்லிவிட்டுப் பதிலுக்காக மூச்சை நிறுத்திக்கொண்டு நிற்பதும் வந்தது. கதவோரம் நின்ற சுகுணா அதை யாரோ ஒருத்தியின் குரலாகக் கேட்டாள். பக்கத்து வீதிக்காரி யாரோ. பாவம், எத்தனை நாளாக இப்படிக் கெஞ்சிக்கொண்டு நிற்கிறாள். அப்புறம் அவளுக்குக் கோபம் வந்தது. கெஞ்சுகிறாளே, இவளுக்கென்ன கை கால் இல்லையா? வீதிமுனையில் பஸ் நிற்கவில்லையா? பிள்ளையைத் தூக்க இவளுக்கு இடுப்பு இல்லையா?

ஒன்றரை வருஷம், என்று நினைத்தாள். அவன் காதுக்குக் காத்திருந்து என் பிள்ளையின் ஒன்றரை வருஷத்தைக் கொட்டிக் கவிழ்த்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஜெபராஜ் கடைசியாக ஒன்றைக் கொண்டுவருவதாக இருந்தது, அதற்குமேல் தன்னிடம் பெட்டி இல்லை என்று சொல்லியிருந்தார். சனிக்கிழமை காலையில் சுகுணா இட்லிக்கு ஊற்றி வைத்தாள், சட்னியை மூடி வைத்தாள், பிள்ளைக்கு இரண்டு கவுன் எடுத்துப் பையில் வைத்தாள். கோயமுத்தூரில் அவள் சித்தி மகள் வீடு இருக்கிறது, ராத்தங்க இடத்துக்குக் குறையில்லை. பட்டறை வாசலில் நின்று பூபதியைப் பார்த்துப் பையைக் காட்டினாள், பிள்ளையைக் காட்டினாள், காதைத் தொட்டுக் காட்டினாள், பஸ் வருகிற திசையைக் காட்டினாள். அவன் தறிக்கு நடுவிலிருந்து, சரி சரி, நூல் அறுந்துபோச்சு என்று இரண்டு விரலைக் கத்தரியாக்கிக் காட்டினான்.

பஸ் ஏறினாள். சரோஜாக்கா தார் சுற்றுவதை நிறுத்திவிட்டு, வாசல்வரை வந்து நின்று பார்த்தாள்.

*

சித்தி மகளுக்குத் தெரிந்த காது டாக்டரம்மா ஞாயிற்றுக்கிழமையும் பார்க்கிறவர். அவருடைய ஆஸ்பத்திரியில் ஒரு அறை இருந்தது. கதவைத் திறந்ததும் சுகுணாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாலு சுவரிலும் பஞ்சு, மேலே துணி, தடித்த கதவு, இரண்டு மூலையிலும் ஸ்பீக்கர். இந்த அறைக்குள் இத்தனை நாள் உட்கார்ந்துதானே இருந்தோம், வேறொன்றுக்கு. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டாள். மெல்லிய சத்தம் போட்டார்கள், பெரிய சத்தம் போட்டார்கள், சுகுணாவின் பல் கூசுகிற மாதிரி ஒரு சத்தம் போட்டார்கள். மகிழினி சுகுணாவின் தாலிச்சரட்டில் இருந்த ஊக்கைப் பிரித்துக்கொண்டிருந்தாள். தலையில் ஒயர் ஒட்டித் தூங்கவைத்தும் பார்த்தார்கள்.

டாக்டரம்மா தாளைப் பார்த்துக்கொண்டே, "எப்பத்திலிருந்து சந்தேகம் உங்களுக்கு?" என்றார்.

"ஒரு வயசுலயே சொல்லிட்டனுங்க."

"யார்கிட்ட?"

சுகுணா பிள்ளையின் கவுனை இழுத்துவிட்டாள்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "அப்பவே வந்திருக்கணும்மா. இப்பவும் செய்யலாம், செஞ்சே ஆகணும். காதுக்குள்ள ஒண்ணு வைப்போம், வெளியில ஒண்ணு மாட்டுவோம். வெளியில இருக்கறது சத்தத்தை எண்ணா மாத்தி உள்ள அனுப்பும்..."

"உள்ள போயி அது திரும்ப மாறிக்கும். தெரியுங்க."

டாக்டரம்மா ஆச்சரியமாகப் பார்த்தார். "ஆனா நம்ம கேக்கற மாதிரி இருக்காது. பேச்சு வர்றதுக்கு நீங்க ரொம்பப் பாடுபடணும். வரும், எவ்வளவு வரும்னு இப்ப என்னால சொல்ல முடியாது. இதுல நாலஞ்சு விதம் இருக்கு. எந்தப் பெட்டின்னு நீங்களும் வீட்டுக்காரரும் பேசி..."

"நானே பாத்துக்கறனுங்க" என்றாள் சுகுணா.

வராந்தாவுக்கு வந்து உட்கார்ந்தபோது போன் அடித்தது. பூபதி. அவன் குரல், அவள் வாக்கப்பட்டு வந்த புதிதில் கேட்ட மாதிரி இருந்தது.

"சுகுணா! போயிருச்சு புள்ள! இந்தக் கடேசிப் பெட்டியில அது இல்லவே இல்ல! காலையில இருந்து போட்டுப் போட்டுப் பாக்கறேன், இடைவெளியில ஒரு பொட்டுச் சத்தம் இல்ல, அத்தனை சுத்தம். இதையே எடுத்துக்கறேன்னு ஜெபராஜ்கிட்டச் சொல்லிட்டேன். இருந்தா இப்படி இருக்கோணும். நம்ம சரோஜாக்காளே வந்து உக்காந்து கேட்டுப்போட்டு, அழுதுட்டுப் போகுது. பாட்டுன்னா என்னன்னே தெரியாத பொம்பள! அத்தனை சுத்தம்! இரு, போனை அங்க காட்டறேன், கேளு."

பாட்டு வந்தது. பல்லவி முடிந்து, வயலின்கள் எழுந்து அடங்கின. சுகுணா கேஸை மூடியிருக்கிறோமா என்று ஒருதடவை திரும்பிப் பார்ப்பது மாதிரி அந்த இடைவெளிக்குள் தன் குரலைத் தேடிப் பார்த்தாள். இல்லை. துடைத்துவைத்த மாதிரி இருந்தது.

"கேட்டுச்சா?"

"கேட்டுதுங்க."

"எப்படி இருக்குது?"

"நல்லா இருக்குதுங்க. அதையே எடுத்துக்கோங்க."

அவள் எங்கே இருக்கிறாள் என்று அவன் கேட்கப்போகிறானா என்று ஒரு மூச்சு நேரம் போனைக் காதில் வைத்திருந்தாள். அந்தப் பக்கம் சரணம் தொடங்கிவிட்டது. வராந்தாவின் கோடியில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற மகிழினி, திரும்பி, கையை நீட்டி விரல்களை மடக்கினாள். சுகுணா போனைப் பைக்குள் போட்டுவிட்டு எழுந்து போனாள்.